ஓய்வுக் காலமும் ஆப்பிரிக்க நெடுவழியும்

(சேரம்பாடியில் கூடிய நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற தேயிலைத் தொழிற்சாலை டீமேக்கர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



இம்மேடையில் வழக்கமாகக் கல்வியைப் பற்றியும், சேமிப்பைப் பற்றியும், விவாகச் செலவைக் குறைப்பதைப் பற்றியும் அறிஞர் பலர் பேசக் கேட்டிருக்கிறோம். அடியேன் இன்று எடுத்துக்கொண்ட விஷயம் சற்றே வேறுபட்டது. உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெற்றபின், சொந்த மோட்டார் வண்டியைக் கப்பலேற்றி, ஆப்பிரிக்காக் கண்டத்தின் கீழைக்கரையில் இறக்கி, தென்கோடி வரையில் தரைவழியே ஓட்டிச் செல்வதற்கு ஏற்பாடு செய்வது எங்ஙனம் என்பதே அது. கேட்ட மாத்திரத்தில் சிலருக்கு நகைப்பு உண்டாகலாம், வேறு சிலருக்கு, "இவருக்கு ஏன் இந்த வயதில் இந்த ஆசை?" என்ற ஐயம் எழலாம். இரண்டுக்கும் விடை கூறவே வந்திருக்கிறேன். யானும் என் இல்லாளும் இத்தகைய பிரயாணம் ஒன்றிற்கு ஆயத்தம் செய்துவருகிறோம் என்பதையும் முன்னதாகவே தெரிவித்துக்கொள்கிறேன்.

முதலாவதாக, இது ஆகக்கூடிய காரியந்தானா என்று பார்ப்போம். கோர்ட் டிரீட் என்னும் ஆங்கிலேயரும் அவர் மனைவி ஸ்டெல்லாவும் சில துணைவர்களோடு இரண்டு கிராஸ்லி மோட்டார் வண்டிகளில் 1924ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் கேப் டவுனை விட்டுப் புறப்பட்டார்கள். பாலமில்லாத ஆறுகளையும் பாதையில்லாத காடுகளையும் கடந்து, 1926ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கெய்ரோ நகரை அடைந்தார்கள். பதினாறு மாதம் பிடித்தது. இன்று அவ்வழியின் பெரும்பகுதி தார்ச்சாலை. முதுமை ஒரு தடையாகுமோ என்னில், 2017ஆம் ஆண்டில் மும்பையைச் சேர்ந்த பத்ரி பல்தவா என்னும் 73 வயதுப் பெரியவர், மனைவியோடும் பேத்தியோடும் தம் காரில் இம்பாலிலிருந்து லண்டன் வரையில் 19 நாடுகளின் வழியே 72 நாட்களில் சென்றடைந்தார். தமிழரிலும் தூரதேச சஞ்சாரம் புதிதன்று. காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்திற்காக ஏ. கே. செட்டியார் தென்னாப்பிரிக்கா முதலிய பல நாடுகளில் அலைந்து படச்சுருள் திரட்டியதும், 1940ஆம் ஆண்டில் அப்படம் வெளிவந்ததும் யாவரும் அறிந்தவை. ஆகவே காரியம் ஆகக்கூடியதே.

இரண்டாவதாக, ஆப்பிரிக்கா ஏன்? நம்முடைய சேரம்பாடிக்கும் அக்கண்டத்திற்கும் உள்ள உறவு தேயிலையால் வந்தது. ஆப்பிரிக்காவில் தேயிலை வாணிகப் பயிராக முதன்முதல் வேரூன்றிய இடங்களில் ஒன்று இன்றைய மலாவி நாட்டின் முளஞ்சே மலையடிவாரம். இலங்கையில் காப்பிப் பயிர் நோயால் அழிந்தபின் அங்கிருந்து சென்ற ஹென்றி பிரௌன் என்னும் தோட்டக்காரர் 1891ஆம் ஆண்டில் அங்கே தேயிலை பயிரிட்டார். கென்யாவில் கெரிச்சோ, டான்சானியாவில் முஃபிண்டி, மலாவியில் தியோலோ, முளஞ்சே என்று வழிநெடுகத் தேயிலை மலைகள் தொடர்கின்றன. கென்யாவின் சிறு விவசாயிகள் தாங்கள் பசுந்தழை கொடுக்கும் தொழிற்சாலைகளுக்குத் தாங்களே பங்குதாரர்களாக இருக்கிறார்கள். பசுந்தழை விலைக்காக ஆண்டுதோறும் மனு எழுதும் நம் வட்டத்துச் சிறு விவசாயி ஒருவர் அதைக் கண்ணாரக் கண்டு வந்து சொன்னால், அந்தப் பிரயாணம் வெறும் உல்லாசம் ஆகாது.

வழியின் இறுதிப் பகுதியில் நேட்டால் இருக்கிறது. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து சென்ற ட்ரூரோ என்னும் கப்பல் டர்பன் துறைமுகத்தில் 342 பேரை இறக்கியது. அன்று தொடங்கி 1911 வரையில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்ற தமிழரும் தெலுங்கருமே. அவர்கள் சந்ததியார் கட்டிய கோயில்களில் இன்றும் காவடி எடுக்கிறார்கள். தோட்டத்துப் பிழைப்பு என்பது இன்னதென்று அறிந்த நமக்கு, அம்மண்ணை ஒருமுறை மிதித்து வரவேண்டும் என்ற எண்ணம் தோன்றுவது இயல்பு.

இனி, என் பிரசங்கத்தின் கருவான விஷயத்திற்கு வருகிறேன். நானும் மற்றவர்களைப் போலவே தேசப்படத்தை மேசைமேல் விரித்து, மொம்பாசாவில் விரலை வைத்துத் தெற்கு நோக்கி நகர்த்திக்கொண்டே போனேன். ஒருநாள் இரவு என் இல்லாள் அருகில் வந்து பார்த்து, "போகிற வழியை எல்லாம் சொல்லுகிறீர்கள், வருகிற வழியை ஒருநாளும் சொல்லக் காணோமே?" என்றாள். அந்தக் கேள்வியில் ஒரு சாஸ்திரமே அடங்கியிருக்கிறது. வீட்டை விட்டுப் புறப்படும் தமிழன் எவனும் "போகிறேன்" என்று சொல்வதில்லை. "போய் வருகிறேன்" என்றே விடைபெறுகிறான். இளைஞன் போகும் வழியை மட்டும் எண்ணிப் புறப்படலாம். தவறினால் சரிசெய்துகொள்ள அவனுக்குக் காலமும் பலமும் உண்டு. முதியவனோ திரும்பி வரும் நாளை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். ஓய்வுக் காலத்துப் பிரயாணத் திட்டத்தின் இலட்சணம் இதுவே.

திரும்பி வருதல் எத்துணைப் பெரிய பாக்கியம் என்பதை வேறெந்த ஊராரையும்விட நம் ஊரார் நன்கு அறிவர். நேட்டாலுக்குச் சென்றவர்களின் ஒப்பந்தத்தில், பத்தாண்டு கழிந்தபின் இலவசமாகத் திரும்பும் கப்பற்பயணம் எழுதப்பட்டிருந்தது. ஆயினும் திரும்பாமல் அம்மண்ணிலேயே நின்றுவிட்டவர் பலர். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் செய்துகொண்ட உடன்படிக்கையின் பின்னர், தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, அரசினர் தேயிலைத் தோட்டங்களில் வேலை பெற்று இம்மலைக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் நம் அண்டை வீடுகளில் இருக்கின்றன. பிறந்த மலைக்குத் திரும்பும் சீட்டு அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. விரும்பிப் போய் விரும்பியபடி திரும்பி வரக்கூடிய பிரயாணத்தை நாம் அலட்சியமாகத் திட்டமிடலாகாது.

திரும்பும் நாளைக் குறிப்பது எப்படி? மழையைக் கொண்டு குறிக்க வேண்டும். கென்யாவிலும் டான்சானியாவின் வடபகுதியிலும் மார்ச்சு முதல் மே வரையில் பெருமழை. மறுபடியும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் சிறுமழை. மலாவி, சாம்பியா, போட்ஸ்வானா ஆகிய நாடுகளில் நவம்பர் முதல் மார்ச்சு வரையில் மழைக்காலம். கேப் டவுனைச் சுற்றிலுமோ ஜூன் முதல் ஆகஸ்டு வரையில் குளிரும் மழையும். இம்மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், ஜூன் நடுவில் மொம்பாசாவில் தொடங்கி, செப்டம்பர் இறுதியில் கேப் டவுனை அடைவதே உத்தமம் என்பது விளங்கும். கோர்ட் டிரீட் கூட்டத்தார் பதினாறு மாதம் பாடுபட்டதற்கு ரொடீசியாவில் அவர்களை மழை பிடித்துக்கொண்டதும் ஒரு முக்கிய காரணம் என்பதை மறவாதீர்கள்.

இன்னும் ஒரு நயம் உண்டு. மத்திய அரசின் ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் தாம் உயிரோடிருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். தபால் இலாகாவிலும் ரயில்வேயிலும் இராணுவத்திலும் இருந்த அன்பர்கள் இங்கே இருக்கிறீர்கள். அக்டோபருக்குள் வீடு வந்து சேர்ந்தால், அச்சான்றையும் நேரில் கொடுத்து, தீபாவளியையும் மனை மக்களோடு கொண்டாடலாம்.

வழி இன்னதென்று கூறுகிறேன். கெய்ரோவிலிருந்து நைல் நதியை ஒட்டி இறங்குவது பெயர்பெற்ற பழைய கனவு. ஆனால் 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சூடானில் உள்நாட்டுப் போர் மூண்டபின், அவ்வழியை நம்பித் திட்டம் போடுவது முதியோருக்கு விவேகமன்று. ஆகையால் கொச்சித் துறைமுகத்தில் வண்டியைப் பெட்டகத்தில் ஏற்றி, மொம்பாசாவில் இறக்கிக்கொள்வது நலம். அங்கிருந்து நைரோபி, கெரிச்சோ. பின்பு அரூஷா, இரிங்கா, ம்பேயா. மலாவி ஏரிக்கரை வழியே பிளான்டயரும் முளஞ்சேயும். சாம்பியாவில் லுசாக்கா, லிவிங்ஸ்டன், விக்டோரியா நீர்வீழ்ச்சி. 2021ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கசுங்குலாப் பாலத்தின்மேல் சாம்பசி நதியைக் கடந்து போட்ஸ்வானா. பிறகு ஜோகன்னஸ்பர்க், டர்பன், கடலோரமாகக் கேப் டவுன். இவ்வழியிலுள்ள எல்லா நாடுகளிலும் நம் நாட்டைப் போலவே சாலையின் இடப்புறமாக வண்டி ஓட்டுகிறார்கள். வலப்புறம் சுக்கான் உள்ள நம் வண்டிக்கு இது பெரிய சௌகரியம்.

கிளைவழிகளையும் சேர்த்து ஏறக்குறைய 8,500 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர். ஒரு நாள் ஓடினால் ஒரு நாள் ஓய்வு. ஓட்டத்திற்கு 43 நாள், ஓய்விற்கு 43 நாள், எல்லைச் சாவடிகளுக்கும் பழுதுக்கும் 14 நாள். ஆக 100 நாள். நாள் கூடக்கூடச் செலவு கூடுமே என்று வருந்துவோர் வழியைக் குறைத்துக்கொள்ளலாம். ஓய்வை ஒருபோதும் குறைத்தலாகாது.

அடுத்து, பத்திரங்கள். அயல்நாட்டிற்குள் வண்டியைக் கொண்டுபோய் மீண்டும் வெளியே கொண்டுவருவதற்குக் 'கார்னே' என்று வழங்கும் சுங்கப் பத்திரம் ஒன்று உண்டு. மும்பையிலுள்ள மேற்கிந்திய மோட்டார் சங்கத்தில் அதைப் பெறலாம். வண்டியை அங்கே விற்றுவிட்டு வந்துவிடாமல் இருப்பதற்கு ஈடாக ஒரு தொகையைப் பிணையாகக் கட்ட வேண்டும். ஒவ்வொரு நாட்டிலும் நுழையும்போது ஒரு முத்திரை, வெளியேறும்போது ஒரு முத்திரை. வெளியேறும் முத்திரை ஒன்று விடுபட்டாலும் பிணைப்பணம் சிக்கலில் மாட்டும். பத்திரத்தின் ஆயுள் ஓராண்டு. வண்டி தாய்நாடு திரும்பி, இங்குள்ள சுங்கத்தார் முத்திரையிட்ட பின்னரே பிணை விடுபடும். திரும்பி வருதலையே ஆதாரமாகக் கொண்டு எழுதப்பட்ட பத்திரம் இது என்பதைக் கவனியுங்கள்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெறலாம். அதற்கும் ஓராண்டே ஆயுள். கென்யா முதல் சிம்பாப்வே வரையிலுள்ள பல நாடுகளில் செல்லுபடியாகும் மஞ்சள் அட்டை என்னும் காப்பீட்டை முதல் நாட்டிலேயே எடுத்துக்கொண்டால், எல்லைதோறும் புதிதாகக் காப்பீடு வாங்கும் தொல்லை நீங்கும். இத்தனை தொல்லையும் வேண்டாம் என்போர் அங்கேயே வண்டியை வாடகைக்கு எடுக்கலாம். பிணையும் இல்லை, கப்பற்கூலியும் இல்லை. ஆனால் ஓட்டுநரின் வயதுக்கு மேல்வரம்பு வைத்திருக்கும் கம்பெனிகளும் உண்டு. எல்லை கடக்க அவர்களிடம் எழுத்து மூலமான அனுமதியும் பெறவேண்டும்.

சொந்த வண்டியே கொண்டுபோவோர் புதிய டீசல் வண்டியைத் தேடாதிருப்பது நலம். 2020ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் விற்கப்படும் டீசல் வண்டிகள் கந்தகம் மிகக் குறைந்த எண்ணெய்க்கென்றே அமைந்தவை. அத்தகைய எண்ணெய் வழியெங்கும் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. சிற்றூர் மெக்கானிக்கும் கழற்றிப் பூட்டக்கூடிய எளிய பெட்ரோல் வண்டியே முதியவருக்கு ஏற்ற துணை.

மூன்றாவதாக, உடம்பு. இங்கே ஒரு விஷயத்தைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கென்யா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளில் ஒன்று. அத்தகைய நாட்டிலிருந்து இந்தியாவிற்குத் திரும்புவோர் தடுப்பூசிச் சான்று காட்டாவிடில், ஆறு நாள் வரையில் தனியிடத்தில் வைக்கப்படுவர். சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் அவ்வூசி போடுகிறார்கள். போட்ட பத்து நாளுக்குப் பின்னர் சான்று செல்லுபடியாகி, ஆயுள் முழுதும் நிலைக்கிறது. ஆனால் அறுபது வயது கடந்தவர்களுக்கு அந்த ஊசியால் அபூர்வமாகக் கடுமையான தீங்கு நேரக்கூடும். ஆகையால் மருத்துவரைக் கலந்து அவர் தீர்ப்பின்படியே நடக்க வேண்டும். போடலாகாது என்று அவர் சொன்னால் மனமுடைந்துபோக வேண்டுவதில்லை; வழியை மாற்றிக்கொள்ளலாம். தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, நமீபியா ஆகிய மூன்றிலும் அந்நோய் இல்லை. அவற்றை மட்டும் சுற்றி வந்தாலும் ஒரு வாழ்நாளுக்குப் போதுமான காட்சிகள் உண்டு. தேயிலை மலைகள் தவறிப்போம், உயிர் தவறாது.

இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் மருந்து உண்போர், நூறு நாளுக்கு வேண்டியதற்கு மேலும் ஒரு மாத மருந்தை, மருத்துவர் சீட்டோடு கையிலேயே எடுத்துச் செல்ல வேண்டும். மலேரியாவுக்குத் தடுப்பு மாத்திரை எது, அது தம் மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பல்வலியையும் கண்புரையையும் புறப்படுமுன்பே தீர்த்துக்கொள்வது நலம். பிரயாணக் காப்பீட்டில், முன்பே உள்ள நோய்களுக்கு என்ன ஏற்பாடு என்பதைச் சிறிய எழுத்து வரையில் படித்துப் பார்க்க வேண்டும்.

நான்காவதாக, ஓட்டுதல். தம்பதிகளில் ஒருவருக்கே ஓட்டத் தெரியுமாயின் அந்தப் பிரயாணம் ஒற்றைக்காலில் நிற்கும் பிரயாணம். ஓட்டுகிறவர் காய்ச்சலில் படுத்தால் மற்றவர் என் செய்வார்? இதனால் என் இல்லாள் ஐம்பத்தெட்டாம் வயதில் ஓட்டப் பழகி உரிமம் பெற்றாள். இப்போது நடுகாணி மலைச்சாலையில் அவள் இறங்கும் நிதானம் எனக்கு வாராது. அடுத்த ஆண்டு முதலில் கன்னியாகுமரிக்கும், பின்பு வடக்கே ஒரு மாதமும் ஓட்டிப் பார்ப்பதாக இருக்கிறோம். அந்த ஒத்திகையில் முதுகும் முழங்காலும் பொறுக்கவில்லையானால், கப்பற்கூலி கட்டுமுன்னரே உண்மை தெரிந்துவிடும்.

இரவில் ஓட்டலாகாது என்பதை நம் ஊராருக்குச் சொல்லித் தெரியவேண்டுவதில்லை. சுங்கம் சாலையில் அந்தி சாய்ந்தபின் யானை நிற்கும் என்று குழந்தையும் அறியும். ஆப்பிரிக்க நெடுஞ்சாலைகளில் காட்டு விலங்கோடு, விளக்கில்லாமல் நின்றுவிட்ட லாரியும் மாட்டு மந்தையும் உண்டு. பிற்பகல் நான்கு மணிக்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுவதே விதி.

ஐந்தாவதாக, பணம். எங்கள் மூத்த மகன் இத்திட்டத்தைக் கேட்டவுடன், "அப்பா, சேமநிதிப் பணம் முழுவதும் சாலையில் போய்விடுமே" என்றான். அவன் சொன்னது நியாயமான பயம். அதற்கு நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு இது. கையிலுள்ளதை மூன்று பங்காக்கினோம். முதற்பங்கு, இருவருடைய கடைசிக் காலம் வரையில் உணவிற்கும் வீட்டிற்கும். இரண்டாம் பங்கு, நோய்க்கு. இவ்விரண்டும் நிறைந்தபின் எஞ்சியதே மூன்றாம் பங்கு. பிரயாணம் மூன்றாம் பங்கிற்குள் அடங்க வேண்டும். அடங்காவிடில் நாளைக் கூட்டிச் சேமிக்க வேண்டும், அல்லது வழியைக் குறைக்க வேண்டும். கடன் வாங்கலாகாது; பிள்ளைகளிடம் கேட்கலாகாது. கார்னேக்குக் கட்டும் பிணைப்பணம் திரும்பி வரும் வரையில் முடங்கிக் கிடக்கும் பணமாகையால், அதை முதலிரு பங்குகளிலிருந்து எடுத்தலும் ஆகாது. இக்கணக்கை எழுதிக் காட்டியபின் மகன் மறுப்பதை விட்டான்.

நம் முன்னோர் காசி யாத்திரைக்குப் புறப்படுமுன் கடன்களைத் தீர்த்து, சொத்துக்களை வகைசெய்து, உற்றாரிடம் விடைபெற்றுச் சென்றார்கள். திரும்புவோம் என்ற நிச்சயம் அவர்களுக்கு இல்லை. நாம் திரும்பும் உறுதியோடு செல்லினும் அவ்வழக்கத்தைக் கைவிடலாகாது. உயில் எழுதி வைப்பதும், வங்கிக் கணக்குகளில் வாரிசைப் பதிவதும் அபசகுனம் அல்ல. அவை பின்னே இருப்பவர்களுக்குச் செய்யும் மரியாதை.

முடிவாக, நம் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நாம் போகும் ஜூன் முதல் செப்டம்பர் வரையில் அங்கே வழி உலர்ந்திருக்கும். இங்கேயோ தென்மேற்குப் பருவமழை கூரையைப் பெயர்க்கும், மண்மேட்டைச் சரிக்கும். புறப்படுகிறவர் ஓட்டையும் வடிகாலையும் செப்பனிட்டுவிட்டே போகவேண்டும். ஆயினும் பூட்டிய வீட்டைப் பத்து நாளைக்கு ஒருமுறை திறந்து பார்க்க ஒருவர் வேண்டும். ஆப்பிரிக்காவிற்குத்தான் என்று இல்லை. பிள்ளைகளிடம் அயல்நாடு செல்வோர், மருத்துவத்திற்கு வெளியூர் செல்வோர், தலயாத்திரை செல்வோர் யாவருக்கும் இது பயன்படும். வெளியே செல்லும் அங்கத்தினரின் சாவி ஒன்றையும், பத்திரங்களின் நகல்களையும், மருத்துவரின் பெயரையும், மக்களின் விலாசத்தையும் சங்கத்தில் பெற்று வைத்துக்கொள்ளவும், மழைக்காலத்தில் வீட்டைப் பார்த்துவரவும் இளைஞர் இருவரை நியமிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

ஓய்வு என்பது உத்தியோகத்திற்குத்தான்; கண்ணுக்கும் கருத்துக்கும் அன்று. முப்பத்தாறு ஆண்டு ஒரே மலையின் தழையை உலர்த்தியும் உருட்டியும் மணம் பார்த்தும் வந்தவன், வேறு மலைகளின் தழையை ஒருமுறை முகர்ந்து பார்க்க விரும்புவதில் குற்றம் இல்லை. திரும்பி வந்தபின் கெரிச்சோவிலும் முளஞ்சேயிலும் கண்டவற்றை இதே மேடையில் எடுத்துரைக்க எங்களுக்கு ஒரு மாதத்தை ஒதுக்கி வைக்குமாறு அக்கிராசனரை வேண்டிக்கொள்கிறேன்.